கோட்டையில் பிடில் கற்ற தம்பி
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலர் என்றதும் நம்மில் பலருக்கு எடிசன், ஜி.டி. நாயுடு, காமராஜர், அப்துல் கலாம் என்றுதான் எழுதத் தோன்றும். எல்லோரும் பெரியவர்கள், மறுப்பதற்கில்லை. நான் இந்த முறை எடுத்துக்கொண்டவர் பாலுஸ்வாமி தீட்சிதர். சங்கீதம் தெரிந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். நம்ம வகுப்பில் சொன்னால் யாரென்று கேட்பீர்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடுகிறவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறாரே, அந்த வயலினை முதன்முதலாக நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் இவர்தான். அந்தக் காலத்தில் அதன் பெயர் பிடில்.

தாம்பரத்தில் ஏறி பீச் போகிற மின்சார ரயிலில், பார்க் தாண்டியதும் கோட்டை ஸ்டேஷன் வரும். தலைமைச் செயலகத்துக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். இவர் கதையில் முக்கியமான மூன்று வருடங்கள் அந்தக் கோட்டையைச் சுற்றி நடந்தவை. ஆனால் கதை ஆரம்பிப்பது திருவாரூரில்.

அப்பா பெயர் ராமஸ்வாமி தீட்சிதர். 1735-ல் பிறந்தவர். பெரிய வித்துவான். இன்றைக்குக் கச்சேரிகளில் முதலில் பாடும் பிள்ளையார் பாட்டுக்களில் பல அமைந்திருக்கும் ஹம்ஸத்வனி ராகம் இவர் உண்டாக்கியது என்பார்கள். இவருக்கு மூன்று பிள்ளைகள், ஒரு பெண். மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர். தியாகராஜர், சியாமா சாஸ்திரி, இவர் என்று மும்மூர்த்திகளாகச் சொல்கிறோமே, அந்த முத்துஸ்வாமிதான். அடுத்தவர் சின்னஸ்வாமி. கடைக்குட்டி நம்ம பாலுஸ்வாமி, பிறந்தது 1786.

மணலி என்றால் நமக்கு ரிஃபைனரியும் உரத் தொழிற்சாலையும் ஞாபகம் வரும். அன்று மணலி என்றால் முதலியார் குடும்பம். முத்துகிருஷ்ண முதலியார், அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் (சின்னையா முதலியார் என்றும் சொல்வார்கள்) இருவரும் பெரும் பணக்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கு துபாஷாக இருந்த குடும்பம். துபாஷ் என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வியாபாரம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் கையில்தான் ஓடும். இந்த முதலியார் ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டார். அதற்கு நன்றியாக தீட்சிதர் 108 ராகம், தாளங்களில் ஒரே மாலையாக ஒரு பாட்டு செய்தார். 108! ஒரு ராகத்தில் ஒழுங்காகப் பாடவே எத்தனையோ வருடம் ஆகும் என்கிறார்கள்.

சின்னையா முதலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு இருந்தது. கோட்டைக்குள் கம்பெனியின் பட்டாளம், அந்தப் பட்டாளத்துக்கு ஒரு பேண்டு. முதலியார் தீட்சிதர் சகோதரர்களை அங்கே கூட்டிப் போய் மேல்நாட்டு சங்கீதத்தைக் கேட்க வைத்தார். எல்லோரும் கேட்டார்கள். பாலுஸ்வாமிக்குப் பிடிலைக் கையிலேயே எடுத்துப் பார்க்கத் தோன்றியது. முதலியாரும் தட்டிக்கழிக்காமல், பேண்டு சம்பந்தப்பட்ட ஐரோப்பியர் ஒருவரை வாத்தியாராக ஏற்பாடு செய்தார். மூன்று வருடம் கற்றார்.

நண்பர்களே, மூன்று வருடம். நம்ம டிப்ளமோவும் மூன்று வருடம்தான்! எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவர் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. முதல் வருடம் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்தபோது, அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால்தான் இந்த மூன்று வருடம் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பாலுஸ்வாமியின் வீடு படித்த வீடு, அதில் சந்தேகமில்லை. வேதம், சமஸ்கிருதம், வீணை எல்லாம் அப்பாவிடமே கிடைத்தது. ஆனால் பிடில் விஷயத்தில் அந்த வீட்டில் அவர்தான் முதல் ஆள். அவ்வளவு பெரிய வித்துவானான அப்பாவிடம் போய் இந்த விரலை எங்கே வைப்பது என்று கேட்டிருக்க முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தீட்சிதர் வீடு ஆசாரமான வீடு, ஸ்ரீவித்யை உபாசனை செய்கிற குடும்பம். அந்தக் காலத்துப் பிடிலில் தந்தி ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்தது. வில்லில் இருப்பது குதிரையின் வால் மயிர். பலகைகளை ஒட்டியது தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசை. மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது, வாஸ்தவம், அது பழகிப்போன தோல். இது கடல் கடந்து வந்த சாமான், கற்றுக்கொடுப்பவர் கடல் கடந்து வந்த மனிதர். அதைக் கையில் எடுக்க அப்பா விட்டார், அண்ணன்மார்களும் விட்டார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பணமும் செல்வாக்கும் உள்ள முதலியார் பின்னால் நின்றது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கையை நீட்டியது அந்தப் பையன்தான்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிடில் ஏன் நம்ம சங்கீதத்துக்கு ஒத்துவந்தது? நம்ம ராகத்துக்கு உயிர் கமகம், அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போவது. வீணையில் 24 மெட்டுக்கள் உண்டு. மெட்டின் மேலே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் கொண்டுவர வேண்டும். பிடிலில் மெட்டே கிடையாது. பிசிக்ஸ் லேபில் சோனாமீட்டர் பார்த்திருப்பீர்கள். இழுவிசை மாறாமல் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு, அதுதான் மேல் ஸட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு நீளம் வைத்தால் பஞ்சமம். பிடிலில் உங்கள் விரல்தான் அந்தக் கத்திமுனை. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தாமல் வழுக்கிக்கொண்டும் போகலாம். அதோடு வில்லை இழுக்கும் வரை சத்தம் நிற்கும். வீணையில் மீட்டியவுடன் நாதம் குறைய ஆரம்பித்துவிடும். வாயால் பாடுவது போலவே நீட்டிப் பிடிக்க ஒரு கருவி கிடைத்துவிட்டது.

மேல்நாட்டில் இருந்து வந்ததெல்லாம் இப்படி ஒத்துவரவில்லை. ஆர்மோனியம் வந்தது. கட்டைக்குக் கட்டை ஸ்வரம் நிலையாக நிற்கும், நடுவில் வழுக்க வழியில்லை. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. 1971-ல்தான் ஓரளவுக்குத் தளர்த்தினார்கள்.

பிடிலும் வந்த மாதிரியே இருந்துவிடவில்லை. வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ மோவாய்க்கட்டையில் இடுக்கி வாசிப்பார்கள். நம்மவர்கள் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் தாங்கவைத்தார்கள். இதனால் இடது கை எதையும் தாங்க வேண்டியதில்லை, மேலும் கீழும் தாராளமாக ஓடலாம். நம்ம ஒர்க்ஷாப் பாஷையில் சொன்னால் ஜாபை இறுக்கிப் பிடிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள்! சுருதி சேர்ப்பதும் மாறியது. அவர்கள் நாலு தந்தியையும் ஒன்றுக்கொன்று பஞ்சம தூரத்தில் வைப்பார்கள். நாம் ஸட்ஜம், பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம் என்று வைக்கிறோம். மர வேலையை யாரும் தொடவில்லை, பெட்டி அதே பெட்டி. இதெல்லாம் ஒரே ஆள் ஒரே நாளில் செய்ததாக நான் சொல்லவில்லை. தஞ்சாவூர் அரண்மனை வராகப்பையரும் ஆரம்ப காலத்திலேயே பிடில் கற்றவர் என்று ஒரு வழக்கு இருக்கிறது. ஆனால் பாதையைத் திறந்தவர் என்று எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பாலுஸ்வாமிதான்.

எங்கள் பெரியப்பா பல்லாவரம் பக்கம் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். பல்லாவரமும் பரங்கிமலையும் கம்பெனிப் பட்டாளம் இருந்த ஊர்கள், பேண்டு வாத்தியம் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. நோட்டு படிக்கத் தெரியாது, சினிமாப் பாட்டை இரண்டு தடவை கேட்டால் வாசித்துவிடுவார். அவர் சொல்வார், இந்தக் குழல் வெள்ளைக்காரன் செய்தது, ஊதுகிற மூச்சு நம்மளது என்று. ஒரு கல்யாணத்தில் இரவெல்லாம் வாசித்தவர்களைப் பந்தியில் கடைசியாகக் கூப்பிட்டார்கள், அதுவரை தெருவில் நிற்க வைத்தார்கள். எந்த ஊர், யார் வீடு என்பது இங்கே வேண்டாம். அதே பேண்டு வாத்தியத்தைக் கேட்டுத்தான் 200 வருடங்களுக்கு முன்னால் தீட்சிதர்கள் பாட்டு செய்தார்கள் என்று நான் சொன்னபோது பெரியப்பா நம்பவே இல்லை.

ஆமாம், பாட்டு செய்தார்கள். இதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கோட்டையில் கேட்ட மேல்நாட்டு மெட்டுக்களுக்கு அண்ணன் முத்துஸ்வாமி சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சுமார் 40 இருக்கும். நோட்டு என்பதிலிருந்து நோட்டுஸ்வரம் என்று பெயர். எல்லாம் சங்கராபரணத்தில் இருக்கும், ஏனென்றால் அவர்களுடைய மேஜர் ஸ்கேலும் நம்ம சங்கராபரணமும் ஒரே ஸ்வரங்கள். ஆங்கிலேய ராஜாவை வாழ்த்தும் அவர்கள் தேசிய கீதத்தின் மெட்டு இருக்கிறதே, அதில் அம்பாள் மேல் ஒரு பாட்டு, சந்ததம் பாஹிமாம். பட்டாளம் ராஜாவுக்கு வணக்கம் வைக்கும் மெட்டில் தீட்சிதர் சங்கீத தேவதைக்கு வணக்கம் வைத்துவிட்டார்! நர்சரியில் குழந்தைகள் பாடும் ட்விங்கிள் ட்விங்கிள் பாட்டின் மெட்டில் மதுரை மீனாட்சி மேல் ஒன்று, சியாமளே மீனாக்ஷி. அந்த மெட்டு அசலில் பிரெஞ்சுக்காரர்களுடையது. அதை வைத்து வியன்னாவில் மொசார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். அந்த மெட்டுதான் கப்பலேறி சென்னைக் கோட்டைக்கும் வந்திருக்கிறது.

மொசார்ட் பெயர் வந்ததால் ஒரு சின்ன விஷயம். ஐரோப்பாவில் நல்ல வாத்தியக்காரன் ஒருவன் இருந்தால் அவனுக்கென்றே பாட்டு எழுதுவது வழக்கம். ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊரில் வெண்ட்லிங் என்று ஒரு புல்லாங்குழல் வித்துவான் இருந்தார். 1777-ல் இருபத்தொரு வயது மொசார்ட் வேலை தேடி அந்த ஊருக்குப் போனபோது வெண்ட்லிங் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். அதோடு புல்லாங்குழல் பிரியரான ஒரு பணக்காரரிடம் சொல்லி, குழலுக்குப் பாட்டு எழுதும் ஆர்டரும் பிடித்துக் கொடுத்தார் வெண்ட்லிங். அந்தப் பணக்காரர் டெ ஜான், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இருந்தவர். மொசார்ட் ஆர்டரை முழுசாக முடிக்கவில்லை, அதனால் 200 கில்டர் பேசியதில் 96 தான் கைக்கு வந்தது. கம்பெனிக் காசு அங்கே மொசார்ட்டுக்கும், இங்கே துபாஷ் வழியாக தீட்சிதர் வீட்டுக்கும் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம்ம ஊரில் வாத்தியத்துக்கென்று தனியாகப் பாட்டு எழுதும் வழக்கம் கிடையாது. பாட்டு குரலுக்கு, வாத்தியம் அதைப் பின்பற்றும். ஆனால் நோட்டுஸ்வரத்தில் கதை தலைகீழ். மெட்டு முதலில் வாத்தியத்தில் இருந்தது, வார்த்தை பிறகு வந்தது. இதில் தம்பியின் பிடிலுக்குப் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். பேண்டில் ஒரு தடவை கேட்ட மெட்டு மறந்து போகலாம், வீட்டில் தம்பி தினம் சாதகம் செய்யும் மெட்டு மறக்காதே! மேலும் அந்தக் குடும்பம் சேர்ந்து வேலை செய்யும் குடும்பம். ஸ்ரீரஞ்சனி ராகத்தில் ஒரு வர்ணம் இருக்கிறது. அதில் வரும் சரண ஸ்வரங்களை அப்பா, சியாமா சாஸ்திரி, சின்னஸ்வாமி, முத்துஸ்வாமி என்று நாலு பேர் ஆளுக்கொன்றாகச் செய்தார்கள்.

இந்தக் கூட்டம் பிறகு கலைந்தது. அப்பா 1817-ல் காலமானார். சின்னஸ்வாமிக்குக் கண் பார்வை போய்விட்டது. அண்ணனும் தம்பியுமாகத் தெற்கே மதுரைப் பக்கம் போனார்கள். 1823 வாக்கில் சின்னஸ்வாமி இறந்துபோனார். பாலுஸ்வாமி மனசு உடைந்து ராமேஸ்வரம் போனார். அங்கிருந்துதான் எட்டயபுரம் அரண்மனையின் தொடர்பு கிடைத்து 1824 வாக்கில் ஆஸ்தான வித்துவானார். எட்டப்பன் என்ற பெயரைக் கேட்டால் நமக்குக் கட்டபொம்மன் படம்தான் ஞாபகம் வரும், திட்டுவதற்கே அந்தப் பெயரை உபயோகிக்கிறோம். ஆனால் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த அரண்மனைதான், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலுஸ்வாமி வெறும் வாசிக்கிறவர் மட்டுமல்ல, அந்த மன்னர்கள் மேல் பாட்டுக்களும் இயற்றியிருக்கிறார்.

மூத்தவர் முத்துஸ்வாமி தம்பிகளைப் பிரிந்திருந்தார். பாலுஸ்வாமி எட்டயபுரத்தில் இருக்கிறான், அங்கே அவனுக்குக் கல்யாணம் நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். வழியில் கரிசல் பூமி காய்ந்து கிடப்பதைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். மழை வந்ததா என்று நான் வாதாட வரவில்லை. தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் அந்த வெயிலில் அவ்வளவு தூரம் போனார் என்பதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. 1835 தீபாவளி அன்று முத்துஸ்வாமி எட்டயபுரத்திலேயே காலமானார். சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. பாரதியார் பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வரலாம். அண்ணன் போன பிறகும் பாலுஸ்வாமி இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து 1858-ல் காலமானார்.

அதற்குள் பிடில் எங்கேயோ போய்விட்டது. முத்துஸ்வாமியின் சிஷ்யர்கள் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள். அவர்களில் கடைசித் தம்பி வடிவேலு பிடிலில் பேர் வாங்கியவர். திருவனந்தபுரம் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலையே பரிசாகக் கொடுத்தார். பிறகு பிடில் இல்லாத கச்சேரி கிடையாது என்று ஆனது. நம்ம காலத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969 – 2014), சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத் (1949 – 2019) இருவரும் மேல்நாட்டு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மேடை ஏறியபோது, அதற்கான வழி ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது.

பாலுஸ்வாமி தன் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்து வளர்த்தார். அவர் சுப்பராம தீட்சிதர், 1839-ல் பிறந்தவர். தாத்தாவிடம் கற்ற பாட்டுக்களை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று வயதான காலத்தில் உட்கார்ந்தார். 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்த அந்தப் புத்தகம் சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி. தெலுங்கு எழுத்தில் அச்சடித்தார்கள், பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி தமிழில் கொண்டுவந்தது. முத்துஸ்வாமியின் 229 கிருதிகள் ஸ்வரக் குறிப்போடு அதில் இருக்கின்றன. பழைய சங்கீதக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு. மணலி முதலியார் ஏற்பாட்டில் தாத்தா மூன்று வருடம் பிடில் கற்ற சங்கதியைப் பேரன் அதில்தான் எழுதிவைத்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1906-ல், அவரும் காலமானார்.